திருகோணமலை வெக்கையில் வீட்டிலேயே கலக்கும் வேப் திரவம்

கடையில் வேப் எனப்படும் மின்சிகரெட்டுக்கான திரவம் வாங்குவதை விட்டுவிட்டு வீட்டிலேயே கலக்கத் தொடங்கி வெகுநாளாகிவிட்டது. சிகரெட்டைக் கைவிடுவதற்காக வேப் பக்கம் வந்தவன் நான். புகைப்பழக்கமே இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டாம்.

அடிப்படை இரண்டே பொருள்கள்தான். புரொப்பிலீன் கிளைக்கோல் தண்ணீர்போல் ஓடும், சுவையைத் தாங்கி வரும். தாவர கிளிசரின் பாகுபோல் கெட்டியானது, ஆவியைத் திரட்சியாக்கும். சிறிய கருவிகளுக்கு இரண்டையும் பாதிக்குப் பாதி கலக்கலாம் என்று குளிர் நாட்டுக்காரர்கள் எழுதுகிறார்கள். திருகோணமலைக் கரையோரம் உள்ள எங்கள் உப்புவெளியில் சித்திரை, வைகாசி வெயிலில் அந்தக் கலவை கருவியின் காற்றுத் துளை வழியே கசிந்து சட்டைப்பையை நனைத்துவிடும். சூட்டில் திரவம் இளகுவதுதான் காரணம். கிளிசரின் 70 சதவீதம், கிளைக்கோல் 30 சதவீதம் என்ற அளவே இங்கே நிற்கிறது. வாடைக்காற்று மாதங்களிலும் அதே கலவையைக் கருவிக்குள் இருக்கும் பஞ்சு தடையின்றி உறிஞ்சுகிறது. போத்தலை வெந்நீரில் வைத்துக் கலக்கச் சொல்கிறார்களே, அது நமக்குத் தேவையே இல்லை. நண்பகலில் மேசை மேல் வைத்தாலே போதும்.

செலவழிக்க வேண்டிய ஒரே கருவி தராசு. 0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு இருந்தால் அளக்கும் ஊசிக்குழலும் அளவுக் குவளையும் வேண்டாம். கிளிசரின் ஊசிக்குழலில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். ஒரு மில்லிலீட்டர் கிளிசரின் ஏறத்தாழ 1.26 கிராம், கிளைக்கோல் 1.04 கிராம். 30 மில்லிலீட்டர் போத்தலுக்கு 8 சதவீதச் சுவை சேர்ப்பதென்றால் கிளிசரின் 26.5 கிராம், கிளைக்கோல் 6.9, சுவைச்சாறு 2.5. சுவைச்சாறும் பெரும்பாலும் கிளைக்கோலில் கரைத்ததே என்பதால் அதைக் கிளைக்கோலின் 30 சதவீதக் கணக்கிலேயே சேர்த்திருக்கிறேன். நிறுக்கும்போது மின்விசிறியை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் எண்கள் ஆடிக்கொண்டே இருக்கும். வியர்வை வழிய வழியக் கலப்பதுதான் இந்த வேலையில் எனக்குப் பிடிக்காத பகுதி.

சுவைக்கு வருவோம். கூட வேலை செய்யும் தம்பி ஒருவர், “அண்ணா, கேக்குக்குப் போடும் எசன்ஸ் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே, அதை ஊற்றினால் என்ன?” என்று கேட்டார். நன்னாரிச் சர்பத்தைப் பற்றியும் விசாரித்தார். இரண்டும் கூடாது. சீனி, திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளான காயிலில் கருகிப் படியும். எசன்ஸ் சிலவற்றில் எண்ணெய் இருக்கும்; எண்ணெய் நுரையீரலுக்குள் போகவே கூடாது. 2019இல் அமெரிக்காவில் வேப் பயன்படுத்திய பலரின் நுரையீரல் கெட்டதற்கு, கள்ளச்சந்தைக் கஞ்சாத் திரவங்களில் கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்ப் பொருளே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. வெண்ணெய், கஸ்டர்ட் சுவைகளையும் நான் தொடுவதில்லை. அவற்றுக்கு மணம் தரும் டைஅசிட்டைல், 2000ஆம் ஆண்டில் மிசூரி மாநிலப் பாப்கார்ன் தொழிற்சாலை ஊழியர்களிடம் கண்டறியப்பட்ட நுரையீரல் நோயோடு தொடர்புபட்டது. சாப்பிடத் தகுந்தது எல்லாம் மூச்சில் இழுக்கத் தகுந்தது ஆகிவிடாது. மாம்பழமும் புதினாவும் எனக்குப் போதும்.

மருந்துத் தரக் கிளிசரின் என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டுமே வாங்குகிறேன். பாமசியில் தோலுக்குப் பூச விற்கும் சிறு போத்தலில் அந்த விவரம் இல்லையென்றால் விட்டுவிடுவேன். 2022இல் காம்பியாவில் குழந்தைகளின் உயிரைக் குடித்த இருமல் பாணிகளில் டைஎதிலீன் கிளைக்கோல் என்ற நச்சுப் பொருள் கலந்திருந்தது. இந்தக் கலப்படம் இரண்டு அடிப்படைத் திரவங்களிலும் நுழையக்கூடியது.

நிக்கோட்டின் சேர்ப்பதை நிறுத்திவிட்டேன். அதன் செறிந்த கரைசல் தோல் வழியாகவும் உடலில் ஏறும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் ஓடித் திரியும்போது அதை வைத்திருக்க மனம் ஒப்பவில்லை. வெக்கையும் வெளிச்சமும் பட்டால் விரைவில் பழுப்பாகித் தொண்டையை மிளகுபோல் எரிக்கும்.

செலவைப் பொறுத்தவரை லாபம்தான். 10 மில்லிலீட்டர் சுவைச்சாறு நான்கு போத்தல்களுக்கு வருகிறது. இனிப்பூட்டி சேர்க்காததால் காயிலும் நெடுநாள் உழைக்கிறது. பொருள்கள் கொழும்பிலிருந்து பார்சலில் வர வேண்டியிருப்பதுதான் சிரமம். அதற்காகக் கிளிசரினைப் பெரிய கேனில் வாங்கிவிடாதீர்கள். திறந்து வைத்தால் கடற்காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சிறு போத்தல்களாக வாங்கி இறுக மூடி வைப்பதே இங்கே நல்லது.