ரெட் அலர்ட் 2: வாங்குவது ஓரிடம், ஆடுவது வேறிடம்

ரெட் அலர்ட் 2 என்ற பழைய கணினிப் போர் விளையாட்டை இன்றைக்கு நாலு பேர் சேர்ந்து ஆட வேண்டுமென்றால் இரண்டு இடத்துக்குப் போக வேண்டும். விளையாட்டின் கோப்புகள் ஸ்டீம் என்ற ஆன்லைன் விளையாட்டுக் கடையில் கிடைக்கும். எதிராளி கிடைப்பது சிஎன்சிநெட்டில். முன்னது காசு கொடுத்து வாங்குவது, பின்னது ரசிகர்கள் நடத்தும் இலவசச் சேவை. இரண்டில் எது தரமான சரக்கு என்று கேட்டால், இலவசமாகக் கிடைப்பதுதான். ஆனால் முன்னது இல்லாமல் பின்னது ஓடாது.

வெஸ்ட்வுட் நிறுவனம் 2000 அக்டோபரில் ரெட் அலர்ட் 2-ஐயும், ஓராண்டு கழித்து யூரிஸ் ரிவெஞ்ச் என்ற விரிவாக்கத்தையும் வெளியிட்டது. 2003-இல் அதன் உரிமையாளரான இஏ அந்த நிறுவனத்தை மூடிவிட்டது. அதன் பிறகு ஆன்லைன் ஆட்டத்தைக் காப்பாற்றியவர்கள் வெளியாட்கள்தான்: 2005 முதல் எக்ஸ்விஸ் என்ற சர்வர், இப்போது பெரும்பாலும் சிஎன்சிநெட்.

தேடத் தொடங்குபவர்கள் முதலில் போய் விழுவது பழைய சிடியில். ரெட் அலர்ட் 2 இரண்டு வட்டு, யூரிஸ் ரிவெஞ்ச் ஒன்று. பெட்டியோடு கிடைத்தால் அலமாரியில் வைக்கலாம், ஆடுவதற்கு நம்பாதீர்கள். வட்டுகளில் இருப்பது சேஃப்டிஸ்க் என்ற நகல்தடுப்பு. அதற்குத் தேவையான டிரைவரை விண்டோஸ் 10 அடியோடு எடுத்துவிட்டது. முந்தைய விண்டோஸ்களிலும் 2015 செப்டம்பர் பாதுகாப்பு அப்டேட் அதை முடக்கியது. அதனால் நிறுவல் முடிந்த பிறகும், வட்டு உள்ளேயே இருந்தும், விளையாட்டு திறக்காது. வட்டில் கீறல் என்று நினைத்து வேறு வட்டு தேடி அலைவது வீண்.

அடுத்த குழப்பம், "இதை இலவசமாகவே கொடுத்துவிட்டார்களே" என்பது. இந்தத் தொடரில் இஏ இலவசமாக விட்டது முதல் கமாண்ட் அண்ட் காங்கரை 2007-இலும், முதல் ரெட் அலர்ட்டை 2008-இலும், டைபீரியன் சன்னை 2010-இலும். ரெட் அலர்ட் 2 அந்தப் பட்டியலில் ஒருபோதும் சேரவில்லை. 2020-இல் வந்த ரீமாஸ்டர்டு கலெக்ஷனிலும் இது கிடையாது. பெயரைப் பார்த்து அதை வாங்கினால் கைக்கு வருவது 1995, 1996-ஆம் ஆண்டு விளையாட்டுகள். 2025 பிப்ரவரியில் இஏ மூலநிரல் வெளியிட்டபோதும் இதைத் தொடவில்லை. ஆக, "முழுப் பதிப்பு, இலவசம்" என்று கண்ட தளத்தில் கிடைப்பது திருட்டுப் பிரதி. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இசையும் வீடியோவும் வெட்டப்பட்டு, எந்தப் பேட்ச் (திருத்தக் கோப்பு) போட்டது என்றே தெரியாமல், யாரோ கைவைத்த கோப்புகளோடு வரும் பிரதி ஒற்றைக்கு ஆடும்போது நன்றாகத்தான் ஓடும். நால்வர் ஆட்டத்தில்தான் காலை வாரும். ஏன் என்பது கீழே.

ஸ்டீமுக்கு இது 2024 மார்ச்சில் வந்தது. அல்டிமேட் கலெக்ஷன் என்ற 17 தலைப்புகள் கொண்ட தொகுப்பில் ரெட் அலர்ட் 2-உம் யூரிஸ் ரிவெஞ்சும் சேர்ந்தே வருகின்றன. யூரிஸ் ரிவெஞ்ச் கட்டாயம் வேண்டும், ஏனெனில் சிஎன்சிநெட் அதன் மேல்தான் ஓடுகிறது. சிடி கேட்கும் தொல்லை இல்லை, கோப்புகள் சுத்தம், கடைசிப் பேட்ச் வரை போட்டிருக்கிறது. கதைப் போர்களை ஆட இது போதும். சேர்ந்து ஆட மட்டும் விளையாட்டின் சொந்த மெனுவை நம்பாதீர்கள். மூல விளையாட்டின் லேன் (உள்வலை ஆட்ட) பகுதி ஐபிஎக்ஸ் என்ற நெறிமுறைக்காக எழுதப்பட்டது. விண்டோஸ் விஸ்டாவிலேயே அதைக் கைகழுவிவிட்டார்கள்.

நிறுவும் வரிசை முக்கியம். ஸ்டீம் லைப்ரரியை புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்கு வெளியே, வேறு டிரைவிலோ தனிக் கோப்புறையிலோ வையுங்கள். சிஎன்சிநெட் அடிக்கடி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், அங்கே எழுத அனுமதி இல்லையென்றால் புதுப்பிப்பு பாதியில் நின்றுவிடும். பிறகு ஸ்டீம் வழியாகவே யூரிஸ் ரிவெஞ்சை ஒருமுறை திறந்து மூடுங்கள். அதன் பின் சிஎன்சிநெட் தளத்திலிருந்து யூரிஸ் ரிவெஞ்சுக்கான நிறுவியை இறக்குங்கள். கோப்புறையைத் தானே கண்டுபிடிக்கும். இல்லையென்றால் கேம்எம்டி என்ற இயக்கக் கோப்பு இருக்கும் இடத்தை நீங்களே காட்ட வேண்டும். டாட் நெட் கேட்டால் போட்டுவிடுங்கள். ஆன்டிவைரஸ் குரைத்தால் அந்தக் கோப்புறைக்கு மட்டும் விலக்கு கொடுங்கள், மொத்தமாக அணைத்துவைக்க வேண்டாம். ஒற்றைக்கு ஒரு ஸ்கர்மிஷ் (கணினியை எதிர்த்த ஆட்டம்) ஆடிப் பார்த்துவிட்டு நண்பர்களைக் கூப்பிடுங்கள்.

திரை கறுப்பாகவே நின்று சத்தம் மட்டும் வந்தால், பயப்பட ஒன்றுமில்லை. பழைய டைரக்ட்டிரா என்ற வரைகலை முறையை இன்றைய கிராஃபிக்ஸ் டிரைவர்கள் சரியாகக் கையாளாததுதான் காரணம். சிஎன்சிநெட்டின் டிஸ்ப்ளே அமைப்பில் ரெண்டரர் என்ற தேர்வு இருக்கும். அதில் சிஎன்சி-டிடிராவை வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ரெசல்யூஷன் விஷயத்தில் ஒரு நுணுக்கம். இந்த விளையாட்டில் ஜூம் கிடையாது. எண்ணை ஏற்ற ஏற்ற வரைபடம் அதிகம் தெரியும், வீரர்கள் எறும்பாகிவிடுவார்கள். 1920-க்கு 1080 வைத்தவருக்கு 1024-க்கு 768 வைத்தவரைவிட எதிரி முன்னதாகவே கண்ணில் படுவான். போட்டியாக ஆடுபவர்கள் இதை முதலிலேயே பேசி ஒரே அளவுக்கு வந்துவிடுவது நியாயம். கண்ணுக்கு இதமாக வேண்டுமென்றால் 1280-க்கு 720 போதும், மீதியை சிஎன்சி-டிடிரா பெரிதாக்கிக் காட்டும்.

இனி, மூன்று பேர் சரியாக நிறுவி நான்காமவர் சொதப்பினால் என்ன ஆகும் என்பது. இந்த விளையாட்டு மோடம் காலத்துக்காகக் கட்டப்பட்டது. யாருடைய டேங்க் எங்கே நிற்கிறது என்பதை அது வலைவழி அனுப்புவதே இல்லை. "இந்த டேங்கை அங்கே ஓட்டு" என்ற கட்டளை மட்டும் போகும். முழுப் போரையும் ஒவ்வொரு கணினியும் தானே தனியாகக் கணக்கிட்டுக்கொள்ளும். கட்டளை ஒன்று, விதி ஒன்று என்றால் எல்லாத் திரையிலும் ஒரே போர். ஒருவரின் கணினியில் மட்டும் விதிக் கோப்பில் ரைனோ டேங்கின் விலை 900-க்குப் பதில் 800 என்று இருந்தால்? அவர் திரையில் பணம் மிஞ்சுகிறது, மற்றவர் கணினியில் அவருக்கு அது இல்லை. சில நொடிகளில் இரு போர்களும் பிரிந்துவிடும், ரீகனெக்ஷன் எரர் என்ற பெட்டி எழும், ஆட்டம் முடிந்தது. கோப்புறையில் சிங்க் என்று தொடங்கும் உரைக்கோப்புகள் முளைத்திருந்தால் காரணம் இணையம் அல்ல, இந்தப் பிரிவுதான்.

இதற்கு முக்கால்வாசிக் காரணம், எப்போதோ போட்டு மறந்த மோட், அதாவது ரசிகர்கள் செய்த மாற்றம். விதிக் கோப்பாகவோ, மிக்ஸ் கோப்பாகவோ அது கோப்புறையில் கிடக்கும். ஒவ்வொன்றாகத் தேடி எடுக்காதீர்கள். கோப்புறையையே அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது வேகமான வழி. மோட் ஆட ஆசையிருந்தால் கோப்புறையைப் பிரதி எடுத்து அதில் ஆடுங்கள்.

இதே கட்டமைப்பால் வரும் இன்னொரு விளைவு: யாருடைய கணினி அல்லது இணைப்பு மிக மெதுவோ, எல்லோரும் அந்த வேகத்தில்தான் ஓட வேண்டும். எட்டுப் பேர் ஆட்டத்தில் ஒருவரின் வைஃபை திக்கினால் ஏழு பேரும் காத்திருப்பார்கள். கேபிள் போட்டால் பாதிச் சண்டை தீரும். சிஎன்சிநெட் எல்லாப் போக்குவரத்தையும் டனல் சர்வர் என்ற இடைநிலைக் கணினி வழியாக அனுப்புவதால் ரௌட்டரில் போர்ட் திறக்கும் வேலை இல்லை, இந்தச் சேவையின் பெரிய நிம்மதி இதுதான். அறையைத் திறப்பவர் டனலைத் தேர்ந்தெடுக்கும்போது தனக்குக் குறைந்த பிங்கைப் (தாமதத்தை) பார்க்காமல், தூரத்தில் இருப்பவருக்கு எது சரிப்படும் என்று பார்க்க வேண்டும். ஆட்டம் தொடங்கிய பிறகு இடையில் யாரும் நுழைய முடியாது. எல்லாருடைய கணினியிலும் முழுப் போரும் இருப்பதால் மறைந்த வரைபடத்தைத் திறந்து பார்க்கும் ஏமாற்றும் சாத்தியம்தான். அதனாலேயே தெரிந்தவர்களோடு, கடவுச்சொல் போட்ட அறையில் ஆடுவது உத்தமம்.

அறையின் அமைப்புகளில் மூன்றைத் தொட்டால் போதும். வரைபடத்தில் கிடக்கும் பரிசுப் பெட்டிகளான கிரேட்டுகளை அணைத்துவிடுங்கள். பெட்டிக்குள் என்ன வரும் என்பது அதிர்ஷ்டம், திறமைக்கு அங்கே வேலை இல்லை. சூப்பர்வெப்பன்களையும் அணைக்கலாம். அணு ஏவுகணைக்கு 5,000 செலவு, பத்து நிமிடக் கடிகாரம். அது இருந்தால் கோட்டைக்குள் பதுங்கிக் காத்திருப்பதே நல்ல உத்தியாகிவிடும், ஆட்டம் தூங்கும். மூன்றாவது, விரிவாக்கத்தில் சேர்ந்த யூரியின் படை. எதிரியின் வண்டியை மனத்தால் பறிக்கும் மாஸ்டர்மைண்டும், காசு கொட்டும் ஸ்லேவ் மைனரும் புதியவரைத் திணறடிக்கும். ஆளுக்கு ஆள் அனுபவம் வேறுபடும் குழுவென்றால் ரெட் அலர்ட் 2 விதிமுறையில் ஆடுங்கள், யூரி தானே விலகிவிடுவான். எண்ணெய்க் கிணறுகள் உள்ள வரைபடத்தில் முதல் பொறியாளருக்கு 500 செலவழிப்பது கணக்குக்கு ஒத்துவரும். கிணறு பிடித்ததும் 1,000 கையில் வரும், பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கும்.

எதையும் நிறுவவே முடியாத அலுவலகக் கணினிக்காரர்களுக்கு குரோனோ டிவைட் என்ற ரசிகர் படைப்பு உண்டு. பிரௌசரிலேயே ஓடுகிறது, அதற்கும் உங்களிடம் மூல விளையாட்டின் கோப்புகள் இருக்க வேண்டும். ரெட் அலர்ட் 2 மட்டும்தான், யூரிஸ் ரிவெஞ்ச் கிடையாது. சிஎன்சிநெட்டில் இருப்பவரோடு இதிலிருந்து சேர்ந்து ஆடவும் முடியாது, ஆகவே குழு மொத்தமும் ஒரே பக்கம் வர வேண்டும்.