கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்த விரிசல்: நாலு கோடைக்குப் பிறகு

தாம்பரம் பக்கம் வீடு கட்டி 2020 நவம்பரில் குடிவந்தோம். அடுத்த மே மாதத்துக்குள் நாலு கதவுகளைச் சுற்றியும் கருப்புக் கோடு இழுத்த மாதிரி விரிசல். நிலையை ஒட்டி அடித்த பீடிங்குக்கும் (மெல்லிய மரச்சட்டம்) சுவருக்கும் இடையில் பெயிண்டர் பட்டி (வால் புட்டி) வைத்து அடைத்திருந்தார். அது துண்டு துண்டாகப் பெயர்ந்து, சில இடங்களில் ஏடிஎம் அட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி வந்துவிட்டது. கேட்டதற்கு, "எல்லா வீட்லயும் வர்றதுதான் சார், அடுத்த பெயிண்டிங்ல பூசிக்கலாம்" என்றார்.

எல்லா வீட்டிலும் வரும் என்பது உண்மைதான். ஆனால் மறுபடி பட்டியே பூசினால் மறுபடி அதே இடத்தில்தான் விடும். மரம் மழைக்கால ஈரக்காற்றில் அகலவாக்கில் உப்பும், கோடையில் சுருங்கும். நீளவாக்கில் அந்த அசைவு அநேகமாக இல்லை. பக்கத்தில் இருக்கும் சிமென்ட் பூச்சு மரத்தோடு சேர்ந்து அசையாது. நடுவில் வைத்த பட்டியும் சிமென்ட் சரக்கு, காய்ந்தால் கல். எங்கள் வீட்டில் மரம் உப்பியிருந்த நவம்பரில் அடைத்திருந்தார்கள், மே வெயிலில் அது உடைந்தது.

முதலில் ஒரு கதவுக்கு, டியூப்பில் வரும் சிலிக்கான் பசை வாங்கி அடித்தேன். அதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். சாதாரண சிலிக்கான் மேல் பெயிண்ட் ஒட்டாது; முத்து முத்தாகத் திரண்டு நின்றது. ஆறே மாதத்தில் தூசி படிந்து ஓரமெல்லாம் கருத்தது. பிளேடு வைத்துச் சுரண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. குளியலறை டைல்ஸ் ஓரத்துக்கு அது நல்ல சரக்கு, பெயிண்ட் அடிக்கும் இடத்துக்கு இல்லை.

2022 பிப்ரவரியில் பெயிண்ட் அடிக்கத் தகுந்த அக்ரிலிக் சீலன்ட் (இடைவெளி அடைக்கும் பசை) வாங்கினேன். மரம் ரொம்ப உப்பியும் இல்லாமல் ரொம்பக் காய்ந்தும் இல்லாத நேரம் என்பதால்தான் பிப்ரவரி. நாலு கதவு, இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 40 மீட்டர். 300 மில்லி டியூப் மூன்று வாங்கியதில் அரை டியூப் மிஞ்சியது.

வேலையில் முக்கால் பங்கு சுத்தம் செய்வதுதான். பழைய பட்டியைக் குடைந்து எடுத்து, பிரஷ்ஷால் தூசி தட்டி, ஈரத் துணியால் துடைத்தேன். அப்படியே டார்ச் அடித்துக் கரையான் மண் தடம் இருக்கிறதா என்றும் பார்த்தேன். நம் ஊரில் இதை விடவே கூடாது. கரையான் வரும் வழியை மேலே மூடிவிட்டால் உள்ளே நடப்பது தெரியவே தெரியாது. ஆழமாக இருந்த இடங்களில் முதலில் நுரைக் கயிறு திணித்தேன். சீலன்ட் மரத்திலும் சுவரிலும் மட்டும் ஒட்ட வேண்டும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் இழுபட இடமில்லாமல் கிழியும். அப்புறம் இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப். டியூப் மூக்கைச் சாய்வாக, சின்னதாக வெட்டி, நிறுத்தாமல் ஒரே இழுப்பு. ஈர விரலால் ஒருமுறை தடவியதும், மேலே பாலாடை மாதிரி படியும் முன்பே டேப்பை உரித்துவிட வேண்டும். தண்ணீர் சேர்ந்த சரக்கு என்பதால் காய்ந்ததும் உள்வாங்கும், அகலமான இடங்களில் மறுநாள் இரண்டாவது கை வைத்தேன். அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் பெயிண்ட்.

இப்போது நாலு கோடை கடந்துவிட்டது. மூன்று படுக்கையறைக் கதவுகளில் சுவரோரம் ஒரு கோடுகூட இல்லை. மே மாதத்தில் கிட்டப் போய்ப் பார்த்தால் சீலன்ட் லேசாக உள்வாங்கியிருப்பது தெரியும், அவ்வளவுதான். இந்த அளவுக்கு நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

குளியலறைக் கதவில் அடிப்பக்கம் ஒரு சாண் அளவு, ஒரு வருடத்திலேயே உரிந்துவிட்டது. அங்கே நிலையின் கால் தண்ணீர் குடிக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எந்த டியூப் வாங்கினாலும் பணம் வீண்.

பீடிங்கின் மூலை இணைப்புகளிலும் அதையே வைத்தது என் தவறு. மரம் அகலவாக்கில் சுருங்கும்போது சாய்வாக வெட்டிச் சேர்த்த மூலை உள்பக்கம் வாய் பிளக்கும். அங்கே அக்ரிலிக் வைத்தால் குழி விழுகிறது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ரப்பர் மாதிரி உருள்கிறது. மூலைக்கும் ஆணித் துளைக்கும் தேய்க்க வரும் மரப் பட்டிதான் சரி. போன வருடம் மாற்றிவிட்டேன். அங்கே கோடையில் மயிரிழை அளவு கோடு இன்னும் வருகிறது. அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

வாசல் கதவு பாலிஷ் போட்ட தேக்கு. அதன் ஓரத்தில் வெள்ளை சீலன்ட் துருத்திக்கொண்டு தெரியும் என்பதால் தொடவே இல்லை. மிச்சமிருந்த அரை டியூப்பின் மூக்கில் ஆணி சொருகி வைத்திருந்தேன், சில மாதத்தில் உள்ளேயே இறுகிவிட்டது. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை இந்த பிப்ரவரியில் அடைக்கப் போகிறேன், அதற்குப் புது டியூப்தான் வாங்க வேண்டும்.