லாஸ் கேட்டோஸ் ஓடையா, ஸ்டீவன்ஸ் ஓடையா?

கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு வார இறுதி நடைக்கு எந்த ஓடைக்கரை என்ற குழப்பம் அடிக்கடி வரும். இரண்டுமே சாண்டா குரூஸ் மலையில் பிறப்பவைதான்.

பாதை
லாஸ் கேட்டோஸ்: லெக்சிங்டன் அணையிலிருந்து சான் ஹோசே வரை விடாமல் போகலாம். அணையருகே மட்டும் ஏற்றம் மூச்சு வாங்கும்.
ஸ்டீவன்ஸ்: கூப்பர்டினோவில் ஒரு துண்டு, மவுண்டன் வியூவில் ஒரு துண்டு. நடுவில் தெருதான்.

இரைச்சல்
இரண்டிலும் உண்டு. லாஸ் கேட்டோஸில் 17ஆம் நெடுஞ்சாலை, ஸ்டீவன்ஸில் 85.

வரலாறு
ஸ்டீவன்ஸ்: 1844இல் வண்டிகளோடு சியரா நெவாடாவைக் கடந்த குழுவின் தலைவர் எலைஷா ஸ்டீஃபன்ஸ் இதன் கரையில் வாழ்ந்தார். மவுண்டன் வியூ பக்கம் மொஃபெட் விமானத் தளத்தின் பழைய வான்கப்பல் கொட்டகை தெரியும்.
லாஸ் கேட்டோஸ்: என் ஓட்டு இதற்கே. 1952இல் அணை வந்தபோது லெக்சிங்டன், ஆல்மா என்ற இரு ஊர்களின் நிலம் நீருக்குள் போனது. கேம்பெல்லில் பாதையோரம் வரிசையாகக் குளங்கள் இருக்கும். வாத்து பார்க்க வெட்டியவை அல்ல; தண்ணீரைத் தேக்கி நிலத்தடிக்கு இறக்குகிறார்கள். கிணறுகள் உறிஞ்சிய உறிஞ்சலில் சான் ஹோசே நகர மையமே சுமார் 13 அடி இறங்கிவிட்டதே, அப்புறம் சும்மா இருக்க முடியுமா?

நீண்ட சைக்கிள் ஓட்டத்துக்கு லாஸ் கேட்டோஸ். குழந்தைகளோடு என்றாலும் அதுவே. வசோனா பூங்காவில் ஏரி இருக்கிறது, வண்டி நிறுத்தத்தான் காசு. வளைகுடாவோரச் சதுப்பு நிலமும் நீர்ப்பறவைகளும் வேண்டுமென்றால் ஸ்டீவன்ஸின் வடக்கு முனைக்குப் போங்கள்.