டிஸ்க் விலகல்: எனக்குப் பயிற்சி, மச்சானுக்குக் கத்தி

மொரீஷியஸில் காத்ர் போர்ன் பக்கம் கோர் த கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பது எங்கள் குடும்ப வழக்கம். ஒரே வருஷத்தில் எனக்கும் மச்சானுக்கும் இடுப்பில் டிஸ்க் விலகியது. அவர் ஆபரேஷனுக்குப் போனார், நான் பிசியோதெரபிக்கு. அன்றிலிருந்து எது நல்லது என்று பார்ப்பவர்களெல்லாம் கேட்கிறார்கள்.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருப்பது டிஸ்க். அதன் உள்ளே இருக்கும் கூழ் பிதுங்கி நரம்பை அழுத்தினால், வலி இடுப்போடு நிற்காமல் புட்டம், தொடை, கெண்டைக்கால் என்று சுளீரென இறங்கும். பலர் நினைப்பதுபோல பிசியோதெரபி அந்தக் கூழை உள்ளே தள்ளி வைப்பதில்லை. பிதுங்கியதை உடம்பே மெல்லமெல்லக் கரைத்துவிடுகிறது. பெரிதாகப் பிதுங்கியது கரையத்தான் வாய்ப்பு அதிகம் என்று கேட்டபோது நானே நம்பவில்லை. அது கரையும்வரை நம்மை நடக்கவும் வேலை செய்யவும் வைப்பதுதான் பயிற்சியின் பங்கு. எனக்கு முதலில் சொல்லித் தந்தது, குப்புறப் படுத்துக் கைகளை ஊன்றி நெஞ்சை உயர்த்துவது. அப்படிச் செய்யும்போது கெண்டைக்கால் வலி இடுப்புக்கு ஏறிவந்தால் பயப்பட வேண்டாம், அது நல்ல சகுனம். ஆனால் வாரம் ஒருமுறை போய்ப் படுத்துவிட்டு வந்தால் பலனில்லை, வீட்டில் தினமும் செய்ய வேண்டும். நாள்கணக்கில் படுக்கையில் கிடப்பது இன்னும் மோசம்.

ஆபரேஷனில், இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறி, நுண்ணோக்கி வழியாகப் பார்த்து, நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுக்கிறார்கள். மச்சான் மறுநாளே நடந்தார். கால்வலி பொட்டென்று விட்டது. ஆனால் அது காலுக்கான வைத்தியம். வெறும் இடுப்பு வலிக்கு இதை நம்பிப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சிலருக்கு அதே இடத்தில் மறுபடியும் பிதுங்கலாம். அப்புறம், ஆபரேஷன் முடிந்த பிறகு அவரையும் பிசியோவிடம்தான் அனுப்பினார்கள்!

2007இல் நெதர்லாந்தில் கடுமையான கால்வலி உள்ள 283 பேரை இரண்டாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். சீக்கிரம் ஆபரேஷன் செய்யச் சொன்ன பிரிவில் பாதிப்பேர் 4 வாரத்துக்குள் தேறினார்கள், காத்திருந்த பிரிவில் அதற்கு 12 வாரம் பிடித்தது. ஒரு வருஷம் முடிந்தபோது இரு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களிலும் 39 சதவீதம் பேர் கடைசியில் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆக, அவசரக் குறி எதுவும் இல்லாதவருக்குக் கத்தி மிச்சப்படுத்துவது முக்கியமாகக் காலத்தைத்தான். கரும்பு வெட்டும் காலத்தில் கூலியை விட முடியாதவருக்கு அந்த இரண்டு மாதம் பெரிது. மேசை வேலை பார்க்கும் எனக்கு அப்படியில்லை. இங்கே அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம் என்பதால் பணக்கணக்கு எங்கள் முடிவில் வரவில்லை. தனியார் கிளினிக் என்றால் அது வேறு கதை.

ஸ்கேன் படத்தைக் காட்டி முடிவு கேட்பவர்களுக்கு ஒன்று. 1994இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்தபோது, கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு ஏதாவது ஒரு டிஸ்க்கில் கோளாறு தெரிந்தது.

சிறுநீர் போக முடியாமல் அடைத்தாலோ, ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி மரத்தாலோ இந்த ஒப்பீடெல்லாம் செல்லாது. அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

மச்சானுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவத் தொடங்கியிருந்தது. எனக்கு வலி மட்டும்தான். ஊரார் எங்களை எதிரெதிரே நிறுத்துகிறார்கள், டிஸ்க் விலகல் என்று பெயர் ஒன்றானாலும் எங்கள் இருவரின் நிலையே ஒன்றல்ல. இந்தத் தைப்பூசத்துக்கு இருவரும் காவடியை விட்டுப் பால்குடம் எடுத்தோம். அவருக்குப் பெருவிரல் இன்னும் கொஞ்சம் மரத்திருக்கிறது. நான் காலையில் காபிக்கு முன்னால் பத்து நிமிஷம் குப்புறப் படுக்கிறேன்.