மேல் லென்ஸை நம்பி ஏமாந்தேன்: பழைய ட்வின் லென்ஸ் கேமரா வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்

போன வருடம் ஆடி மாதம் 22,000 ரூபாய் கொடுத்து ஒரு யாஷிகா மேட் 124ஜி வாங்கினேன். சென்னையில் பழைய கேமரா விற்கும் கடை ஒன்றில். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் எனக்கு நடந்தது புதிதாக ஃபிலிம் பழகும் யாருக்கும் நடக்கலாம், அதனால் ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கேமராவைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ் இருக்கும். மேல் லென்ஸ் வழியாக நாம் பார்க்கிறோம், கீழ் லென்ஸ் வழியாகப் படம் பதிகிறது. மார்பளவில் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து மேலே உள்ள தேய்த்த கண்ணாடியில் பார்க்க வேண்டும். இடம் வலமாகத் தெரியும். ஆள் இடப்பக்கம் நகர்ந்தால் கண்ணாடியில் வலப்பக்கம் போவார். பழகுவதற்கு நாளாகும், பழகிவிட்டால் வேறு கேமராவைத் தொட மனம் வராது. 120 என்ற வகை ஃபிலிம் ரோலில் சதுரமாகப் பன்னிரண்டே படங்கள். பக்கத்துக் குமிழைத் திருகினால் இரண்டு லென்ஸும் ஒன்றாகவே முன்னும் பின்னும் நகரும். மேலே தெளிவாகத் தெரிந்தால் கீழே ஃபிலிமிலும் தெளிவாக விழும், இந்த ஒரு நம்பிக்கையில்தான் மொத்தக் கேமராவும் நிற்கிறது. என்னுடையதில் அதுதான் பொய்யாக இருந்தது.

124ஜி 1970இல் வந்த மாடல், 1986 வரை தயாரித்தார்கள். எவ்வளவு புதியது என்றாலும் நாற்பது வயது. கடைக்காரர் “ஃபுல் சர்வீஸ் பண்ணி வெச்சிருக்கேன் சார், அப்படியே ரோல் போட்டு எடுக்கலாம்” என்றார். சாம்பிள் என்று நான்கு படங்கள் காட்டினார். மெரினா கலங்கரை விளக்கம், கடல், உச்சி வெயில். எல்லாம் பளிச்சென்று இருந்தன. ரசீது கேட்டேன். பழைய பொருளுக்கு ரசீது போடுவதில்லை என்றார். சரி என்று ஜிபே செய்துவிட்டு வந்தேன்.

முதல் ரோலைப் புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊருக்கு எடுத்துப் போனேன். வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று முடிவாகியிருந்தது. அதற்குள் அப்பத்தாவைத் திண்ணையில் உட்காரவைத்து எடுத்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் கேமராவே வாங்கினேன். மாலை வெளிச்சம், அதனால் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, 3.5இல் முழுவதும் திறந்து, ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்று, உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தூக்கி வைத்து, அப்பத்தாவின் கண்ணில் ஃபோகஸ் வைத்தேன். பன்னிரண்டு படத்தையும் அங்கேயே முடித்தேன்.

லேபிலிருந்து ஸ்கேன் வந்தபோது பன்னிரண்டிலும் முகம் கலங்கியிருந்தது.

கடைக்குப் போய்க் காட்டினேன். “கை ஆடியிருக்கு தம்பி” என்றார். சாராக இருந்தவன் தம்பியாகிவிட்டேன். “இதெல்லாம் பழக ரெண்டு மாசம் ஆகும். நம்மகிட்டயே கிளாஸ் இருக்கு.” 2,500 ரூபாய் கொடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளாஸுக்கும் போனேன். மூச்சை அடக்கி ஷட்டரை அழுத்துவது, கழுத்து வாரை இறுக்கிப் பிடிப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் மூன்று ரோல், அதே கலங்கல். டிரைபாடில் வைத்து எடுத்தாலும் கலங்கல். “லென்ஸில் லேசா ஃபங்கஸ் இருக்கலாம், க்ளீன் பண்ணிடறேன்” என்று 4,000 வாங்கிக்கொண்டு ஐந்து வாரம் வைத்திருந்தார். திரும்பி வந்தபோது தேய்த்த கண்ணாடிக்கு அடியில், இடது மூலையில் சிக்கியிருந்த ஒரு முடி அதே இடத்தில் அப்படியே இருந்தது. திறந்தே பார்க்கவில்லை.

எனக்கு இன்றும் ஆறாதது பணம் அல்ல. நான்கு மாதம் என் கையைத்தான் சந்தேகித்தேன். கற்றுக்கொள்பவனுக்குத் தன் தவறு எது, கேமராவின் தவறு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அது அந்தக் கடைக்காரருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

புதுக்கோட்டையில் ஒரு பெரியவர் இருக்கிறார். முன்பு ஸ்டுடியோ வைத்திருந்தவர், என் அப்பா அம்மா கல்யாணத்தை எடுத்தவர். கார்த்திகையில் ஊருக்குப் போனபோது அப்பத்தா படங்களை அவரிடம் காட்டினேன். முகத்தை அவர் பார்க்கவே இல்லை. நேராக அப்பத்தாவின் மடியைப் பார்த்தார். “வெத்தலப் பெட்டிய பாருங்க தம்பி. தாழ்ப்பாள்ல இருக்குற கீறல் தெரியுது. கை ஆடியிருந்தா இதுவும்ல கலங்கியிருக்கணும்?” நான்கு மாதமாக அந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், வெற்றிலைப் பெட்டியை ஒரு முறையும் பார்க்கவில்லை. முகத்துக்கு ஒரு சாண்கூட முன்னால் இல்லை அது. அங்கேதான் ஃபோகஸ் விழுந்திருந்தது.

அப்புறம் அவர் சோதித்த விதத்தை அப்படியே எழுதுகிறேன், செலவே இல்லாத சோதனை. மேஜையில் ஏழு தீப்பெட்டிகளைச் சாய்வான வரிசையில், ஒவ்வொன்றும் ஐந்து சென்டிமீட்டர் பின்னால் வருகிற மாதிரி நிறுத்தினார். கேமராவை ஒன்றரை மீட்டர் தள்ளி டிரைபாடில் வைத்தார். பின்கதவைத் திறந்து, ஃபிலிம் படுக்கும் இரண்டு தண்டவாளத்தின் மேல் டிரேசிங் பேப்பரை இழுத்துப் பிடித்து செல்லோ டேப் ஒட்டினார். அப்பர்ச்சர் 3.5, ஷட்டர் பி (அழுத்தியிருக்கும் வரை திறந்தே இருக்கும் நிலை), கேபிள் ரிலீஸ் என்ற அழுத்துக் கம்பியால் திறந்தபடி பூட்டினார். “மேல பாத்து நடுப்பெட்டிக்கு ஃபோகஸ் வைங்க” என்றார். வைத்தேன். தலைமேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு பின்பக்கம் டிரேசிங் பேப்பரைப் பார்த்தேன். தலைகீழாகத் தெரிந்த ஏழு பெட்டிகளில் நடுப்பெட்டி மங்கல். கேமராவுக்குப் பக்கத்தில் இருந்த முதல் பெட்டியில் எழுத்துக்கூடப் படிக்க முடிந்தது. பதினைந்து சென்டிமீட்டர் தள்ளி விழுகிறது. 80 மிமீ லென்ஸை 3.5இல் திறந்து அந்தத் தூரத்தில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழமே மொத்தம் பன்னிரண்டு சென்டிமீட்டர் போலத்தான். முகம் எப்படித் தப்பும்?

மேல் லென்ஸைச் சுற்றிய வளையத்தில் புதிதாக இரண்டு கீறல்களைக் காட்டினார். யாரோ துடைப்பதற்காகக் கழற்றி, திரும்ப மாட்டும்போது அளவு பார்க்காமல் உள்ளே இறுக்கியிருக்கிறார்கள். அதுதான் கடைக்காரர் சொன்ன ஃபுல் சர்வீஸ். சாம்பிள் படங்கள் பளிச்சென்று இருந்ததற்கும் காரணம் புரிந்தது. அப்பர்ச்சரைச் சிறிதாக்கினால் தெளிவாக விழும் ஆழம் கூடும். உச்சி வெயிலில் 11, 16 என்று மூடி, தூரத்தில் இருப்பதை எடுத்தால் இந்தக் கோளாறு வெளியே தெரியவே தெரியாது.

கடையில் நின்றுகொண்டு டிரேசிங் பேப்பர் ஒட்ட விடமாட்டார்கள் என்றால், இதையாவது செய்யுங்கள். வாசலுக்கு வந்து மிகத் தூரத்தில் உள்ள செல்போன் டவருக்கோ கோபுரத்துக்கோ கண்ணாடியில் ஃபோகஸ் வையுங்கள். குமிழ் முடிவிலிக் குறியில் போய் நிற்க வேண்டும். என்னுடையது 15 மீட்டர் பக்கத்திலேயே நின்றது. வாங்கும் முன் அரை நிமிடம் செலவழித்திருந்தால் போதும். ஷட்டரை பி-யில் திறந்து டார்ச் அடித்துக் கீழ் லென்ஸைப் பாருங்கள், பூஞ்சை சிலந்தி நூல் மாதிரி தெரியும். ஒரு செகண்டில் வைத்து அழுத்திக் காதில் கேளுங்கள், எண்ணெய் இறுகியிருந்தால் இழுக்கும் அல்லது நடுவில் நின்றுவிடும். சாம்பிள் படம் கேட்டால், முழுவதும் திறந்து கிட்டத்தில் எடுத்த ஒரு முகத்தைக் கேளுங்கள்.

ரசீதில் ஃபோகஸ் சோதித்துத் தந்ததாக எழுதி வாங்குங்கள். என்னிடம் இருப்பது ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று சொல்லிவிட்டார். “நீங்க கீழ போட்டிருப்பீங்க” என்கிறார் இப்போது.

பெரியவர் அன்றைக்கே மேல் லென்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே திருகி, நடுப்பெட்டி மேலும் கீழும் ஒன்றாகத் தெளிகிற வரைக்கும் விடவில்லை. இரண்டு மணி நேரம் ஆனது. காசு வாங்கவில்லை. இப்போது எடுக்கிற படங்களில் இமை முடி எண்ணலாம்.

வீட்டைத் தை மாதம் இடித்துவிட்டார்கள். திண்ணையில் அப்பத்தா உட்கார்ந்திருக்கும் படம் எங்களிடம் பன்னிரண்டு இருக்கிறது, பன்னிரண்டிலும் வெற்றிலைப் பெட்டி மட்டும் தெளிவாக.