நடு லேனா, யூ-டர்னா?

வண்டிகள் வலது பக்கம் ஓடும் கலிபோர்னியாவில் கடை பார்க்கிங்கிலிருந்து ஐந்து லேன் சாலையில் இடது பக்கம் போக வேண்டும். ஒன்று, பாதி சாலையைக் கடந்து இரு திசைக்கும் பொதுவான, மஞ்சள் கோடு போட்ட நடு லேனில் காத்திருந்து போக்குவரத்தில் கலப்பது. இல்லையேல் வலது திரும்பி, அடுத்த சிக்னலில் யூ-டர்ன்.

நேரம்: நடு லேனுக்கு ஒரு பக்கம் இடைவெளி கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. யூ-டர்னுக்கு சிக்னல் மனது வைக்க வேண்டும்.

சட்டம்: நடு லேனில் 200 அடிக்கு மேல் ஓட்டக்கூடாது, முந்தவே கூடாது. யூ-டர்னுக்குத் தடைப் பலகை இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஆபத்து: எதிரே வருபவரும் இடது திரும்ப அதே லேனுக்குள் நுழையலாம், அவருக்கும் உரிமை உண்டு. பலர் குறுக்காக நின்று வண்டியின் வாலைப் பின்னால் நீட்டிவிடுகிறார்கள், பார்க்கவே பதறும். வண்டியை நேராக்கி, வலது இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியை மட்டும் நம்பாமல் வலது தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள். யூ-டர்னில் இந்தத் தலைவலி குறைவு.

பகலில், போக்குவரத்து குறைவென்றால் நான் நடு லேன்தான். புதிதாக ஓட்டுபவர்கள், மாலை நெரிசல், மழை என்றால் வலது திரும்பிவிடுங்கள். பார்சல் நிறுவனமான யூபிஎஸ்ஸின் வண்டிகளே இடது திரும்புவதை முடிந்தவரை தவிர்க்கின்றன.