விண்கலமா, புதைந்த காரா, வெறும் மஞ்சளா?

1970-களில் பிரிட்டனில் அறிவியல் புனைகதை தேடிப் போனவர்கள் கண்ணில் மூன்று விதமான அட்டைகள் பட்டன. பாந்தர் பதிப்பகத்தின் பேப்பர்பேக்குகளில் கிறிஸ் ஃபாஸ் வரைந்த பிரம்மாண்டமான விண்கலங்கள். பெங்குவினில் டேவிட் பெல்ஹாம் ஏர்பிரஷால், அதாவது காற்றழுத்தத்தில் வண்ணம் தெளித்து, வரைந்த படங்கள். கோலன்ஸ் பதிப்பகத்தில் படமே இல்லாத மஞ்சள் மேலுறை. இந்த மூன்றில் கதைக்கு உண்மையாக இருந்தது பெல்ஹாம்தான் என்பது என் கட்சி.

ஃபாஸின் திறமையைக் குறைத்துச் சொல்ல மனம் வராது. பளிச்சென்ற வண்ணப் பட்டைகளோடு ஒரு நகரமே மிதந்து போவது போன்ற கலங்கள். பார்த்ததும் கை தானாக நீளும். ஆனால் அந்த அட்டையோடு வந்த அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ முதல் நூலைத் திறந்தால், பெரும்பாலும் ஆட்கள் அறைகளில் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒரு பேரரசின் வீழ்ச்சியைக் கணிதத்தால் முன்கூட்டிச் சொல்லி, அதன் பின்வரும் இருண்ட காலத்தைச் சுருக்க முடியுமா என்பதே கதை. சண்டை போடாமல் ஜெயிப்பதில்தான் அதன் சுவாரஸ்யம். விண்போரை எதிர்பார்த்து வாங்கியவர் “என்ன இது, வெறும் பேச்சாகவே போகிறதே” என்று மூடி வைத்தால், பழி அசிமோவ் மேல் விழுகிறது. அது நியாயமில்லை.

சரி, அதையாவது மன்னிக்கலாம். அமெரிக்காவில் ஆக்டேவியா பட்லரின் ‘டான்’ நாவலுக்கு நடந்ததை மன்னிக்க முடியாது. நாயகி லிலித் கறுப்பினப் பெண். 1987-ல் வந்த பதிப்பின் அட்டையில் இருந்ததோ வெள்ளையினப் பெண்கள். மனதில் முதலில் பதிவது அட்டையில் பார்த்த முகம்தான். பட்லர் எழுதிய வரிகள் ஒவ்வொன்றும் அந்த முகத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

பெல்ஹாம் என்ன செய்தார்? பாலார்டின் ‘தி டிரவுட்’ நாவலில் தொழிற்சாலைக் கழிவுகள் கடல்மேல் படலமாகப் படர்ந்து, நீர் ஆவியாவதைத் தடுக்கின்றன. மழை நின்றுபோகிறது. இதற்கு அவர் அழுகிற மனிதர்களையோ வெடித்த நிலத்தையோ வரையவில்லை. மணலில் முக்கால்வாசி புதைந்து, வால்பகுதி மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பகட்டான கார், அவ்வளவுதான். இந்த நாகரிகம் எதனால் பெருமைப்பட்டதோ அதுவே குப்பையாகக் கிடக்கிறது. என்ன நடந்தது என்று அட்டை சொல்லவில்லை. எந்த மனநிலையோடு உள்ளே போக வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. பாலார்டின் நிதானமான, விறைத்த நடைக்கு அந்த வெறுமை சரியாகப் பொருந்துகிறது.

கோலன்ஸின் மஞ்சள் பொய் சொல்வதில்லை, உண்மைதான். நூலக அலமாரியில் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். ஆனால் அது ஏற்கெனவே இந்த வகையைப் படிப்பவருக்கான அட்டை. புதிதாக வரும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அந்த வயதில் வாசகரைக் கூட்டி வந்த பெருமை ஃபாஸுக்கே.

ஆனாலும் பெல்ஹாமின் வழி ‘ஃபவுண்டேஷனுக்கு’ சரிப்படாது என்று நான் நினைக்கவில்லை. வீழ்ச்சியைக் கணித்த கணித மேதை செல்டன் எப்போதோ செத்துப்போயிருக்க, அவருடைய பதிவு உருவம் காலப் பெட்டகம் என்ற அறையில் சக்கர நாற்காலியில் தோன்றி, கலைக்களஞ்சியம் தொகுத்த ஐம்பது வருட உழைப்பு வெறும் சாக்கு என்று அதைத் தொகுத்தவர்களிடமே சொல்லும் இடம் இருக்கிறதே, அந்த நாற்காலி ஒன்றே அட்டைக்குப் போதும்.